முன் வாங்கு வரைக்கும்

கனிசியஸின் தோளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து அவனுடைய ஓட்டோவில் ஏறினாள் செபஸ்தியம்மா. கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கால் முறிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போக இதுதான் பாடு. கட்டு அவிழ்த்து எத்தனையோ மாதமாகியும் கால் நிலத்தில் ஊன்ற வருதில்லை என்றாள்.

தனியாக இருக்கிற மனுசி. ஆனாலும் முற்றம் விளக்குமாற்றுக் கீறல் அழியாமல் துப்புரவாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஷெரோன் கூட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

குருநகர்ச் சனத்துக்கு அவன் ஒரு புனிதர். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று பெண்கள் அவன் காதுபடவே சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். புனிதராம், நல்ல புனிதர்!

செபஸ்தியம்மாவின் புருசன் மரியநாயகமும் அவனும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். காற்றுக்கு வள்ளம் கவிழ்ந்த அன்று கனிசியஸ் மட்டும்தான் கரைக்கு வந்தான். அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னான். உண்மை அவனுக்கும் கடலுக்கும்தான் தெரியும். அதற்குப் பிறகு அவன் கோயில் படி ஏறவில்லை. மரியநாயகத்தின் முப்பத்தோராம் நாள் பூசைக்குக்கூடக் கேற்றடியிலேயே நின்றுவிட்டான்.

இவளுக்குக் கால் முறிந்ததால்தான் திரும்ப உள்ளே போகவேண்டி வந்தது. சனம் இருக்கிற வரிசைகளில் எல்லாவற்றுக்கும் முன்னால் கிடக்கிற முன் வாங்கு வரைக்கும் கொண்டுபோய் விடச் சொல்வாள். விட்டால், திரும்பப் போகும்போது யார் பிடிக்கிறது, இதிலேயே இரு என்பாள். இருப்பான். சனம் சுவாமியாரிடம் அப்பம் வாங்கி நன்மை எடுக்கப் போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வான்.

இன்றைக்குக் குருத்து ஞாயிறு. பூசைக்கு முன் சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். கனிசியஸ் எழுந்தான், இருந்தான், பிறகு விறுவிறென்று எழுந்து போனான். திரும்பி வந்து முழந்தாளிட்டபோது சேட்டு முழுக்க வியர்வை. இன்றைக்கு அவன் நன்மையும் எடுத்தான். ஆனால் கடவுளிடம் சொன்னதை இவளிடம் சொல்லாமல் இனி இவள் முகத்தைப் பார்க்க முடியாது.

வீட்டுப் படலையடியில் ஓட்டோவை நிறுத்தினான். பின்னால் திரும்பத் துணிவில்லை.

"அக்கா, அண்ணையை அலை கொண்டுபோகேல்லை. என்ரை கையைத்தான் பிடிச்சிருந்தவர். ரெண்டு பேரும் தாழப்போறம் எண்ட பயத்திலை, நான்தான் உதறிவிட்டனான்."

காறித் துப்பட்டும், மண்ணள்ளித் தூற்றட்டும். அவன் அதற்குத்தான் காத்திருந்தான்.

அழுகைதான் கேட்டது. கன நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவரின்ரை முப்பத்தோராம் நாள் பூசைக்கு நீ வெளியிலை நிண்ட அண்டைக்கே, உன்ரை நெஞ்சிலை ஏதோ கிடக்கெண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போலத் தோள் கொடுக்க இறங்கி வந்தான். அதற்குள் செபஸ்தியம்மா தானாக இறங்கி, இரண்டு காலாலும் நடந்துபோய்ப் படலையைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா... கால்?"

"கால் எப்பவோ சுகம், தம்பி. நான் தனிய நடந்து போயிருந்தால், நீ கோயிலுக்குள்ளை வந்திருப்பியோ?"