சனிக்கிழமை ஓட்டக்காரன்

"நீ ரெடியா இல்லையான்னு உன்னை யாருடா கேட்டா? உன் காலுதான் சொல்லிடுச்சே!" என்று அப்பா சிரித்தார்.

டெக்சாஸ் வீட்டுச் சமையலறையில் அதீபன் சுவரோடு ஒட்டி நின்றான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை மார்போடு அணைத்தபடி எதிராளிகளை ஏய்த்து ஓடுவது அவன் வேலை. அணி ஒரு கருவியால் அவன் கால்களுக்குள் ஏற்றிய பயிற்சி நேற்று முழுமையடைந்தது. நேற்றைய ஒத்திகை ஆட்டம் முழுக்க ஒரு கைகூட அவன்மேல் படவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் முதல் ஓட்டக்காரன் அவன்தான்.

"இதை என் காலுலேர்ந்து எடுக்கச் சொல்லுங்கப்பா," என்றான் அதீபன்.

"சீசன் முடியறவரைக்கும் அது உன் காலே இல்லடா, அணியோட காலு."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு? வா, திருநீறு பூசிவிடறேன்," என்று அம்மா கையை நீட்டினாள். அதீபனின் இடுப்பு தானாக வளைந்தது. கால்கள் அவனை மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தின. அப்பா கைதட்டினார். விளையாட்டென்று நினைத்து அம்மா இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள். மறுபடியும் நழுவினான். அவன் கண்கள் கலங்கியிருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

அதீபன் தரையில் உட்கார்ந்து மேசைக் காலைக் கட்டிக்கொண்டான். அவன் பாதங்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன.

"அப்பா, என்னைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சுக்கோங்களேன். அம்மா ஒரு தடவை தொட்டுக்கட்டும்."