ஐம்பத்திரண்டு நிமிடம்

ஓட்டக் குழுவின் ஆண்டு விழாவில் மாசிலாமணியை மேடைக்கு அழைத்தார்கள். ஜனவரியில் இரண்டு கிலோமீட்டருக்கே மூச்சிரைத்தவர், ஜூலையில் பத்து கிலோமீட்டரை ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஓடியிருந்தார்.

"அன்னைக்கு எப்படி சார் முடிஞ்சுது?" என்று செயலாளர் ரெஜினா மைக்கை நீட்டினார்.

அன்று ஏரிக்கரையில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்து, ஓடிவந்த இவரை நோக்கிக் கையை உயர்த்தினார். மாசிலாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடினார். மறுநாள் அங்கிருந்த மின்கம்பத்தில் அதே முகத்தோடு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இங்கேயாவது சொல்லிவிட நினைத்தார். "வழியில ஒருத்தர் கூப்பிட்டாரு. நான் நிக்கல."

அரங்கம் கைதட்டியது.

"நிக்கலங்க," என்றார் மறுபடியும். கைதட்டல் இன்னும் பலத்தது.