தொடக்கூடாத கூரை

தரங்கம்பாடியில் சலோமி குடியிருந்த பாழடைந்த மாளிகையைப் படங்களில் கண்டு உலகமே வியந்தது. சிதிலத்தின் அழகைக் கெடுப்பது குற்றமென்று சட்டம் வந்தபின், கூரை விரிசலில் ஒரு கரண்டிச் சாந்து பூசவும் அவளுக்கு அனுமதியில்லை.

அன்று அக்கூரை, படுக்கையிலிருந்த கணவர்மேல் இடிந்து விழுந்தது. செங்கற்களை வாரியெறிந்தவளின் கையை ஓடிவந்த காவலர் பற்றினார்.

“தொடாதீங்கம்மா! ஆபீசர் படம் எடுத்த பெறகுதான் கல்ல நகத்தணும்.”

“அடப்பாவி, அடியில எங்க வீட்டுக்காரரு முனகுறாருய்யா!”

“எனக்கும் கேக்குதும்மா. எம் பொழப்புப் போயிருமே!”

அதிகாரி வந்து கேமராவை உயர்த்தினார். “அடடா, வெயில் எவ்வளவு அழகா விழுது! இனிமே இது இப்படியே இருக்கட்டும்.”

சலோமி கதறிக்கொண்டு திமிறினாள். கற்களுக்கடியில் முனகல் மெல்ல அடங்கியது. அதன் பின்னரே காவலரின் பிடி தளர்ந்தது.