ராணி என்ன விலை?

"பழையவளை இன்னைக்கே தீர்த்துக் கட்டிடணும். ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா ஒருத்தியை ஒருத்தி கொன்னுடுவாங்க" என்றார் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், சட்டைப்பையில் இடுக்கியைச் செருகிக்கொண்டே.

அவர் மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அவ உங்களுக்கு என்ன குறை வெச்சா?"

"ஓசியில வந்தவ. வம்சம் தெரியாதவ."

பேச்சு மொட்டைமாடித் தேன்பெட்டியில் இருக்கும் ராணித் தேனீயைப் பற்றியது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தேனீக் கூட்டம் தானாக வந்து தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கியது. கண்காணிப்பாளர் அதை ஒரு பெட்டிக்குள் தட்டிவிட்டார். அன்று முதல், முப்பது வருடம் கோப்பு தள்ளிய மனிதர் தேனீ நிபுணர் ஆகிவிட்டார்.

இருப்பது ஒரே பெட்டி. ஆனால் மற்றவர்களின் மூன்று பெட்டித் தேனை அது தனியாகக் கொடுத்தது. ஒரு தேனீகூடக் கொட்டாது. மனைவி பெட்டியை ஒட்டியே துணி காயப்போடுவார். எல்லாம் தன் கைராசி என்று கண்காணிப்பாளர் நம்பிக்கொண்டிருந்தார்.

மாதம் ஒருமுறை தேன்பெட்டிக்காரர் வந்து பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். கூலி வாங்க மாட்டார். முட்டையிலிருந்து அன்றுதான் வெளிவந்த பொடிப் புழுக்கள் இருக்கும் தேனடையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொள்வார். புழுவுக்கு அலைகிற ஜென்மம் என்று கண்காணிப்பாளருக்கு அவர்மேல் ஒரே இளக்காரம்.

தேனீ ஆர்வலர் சங்கத்திலோ யாரும் யாரையும் எவ்வளவு தேன் என்று கேட்பதில்லை. ராணி என்ன விலை என்றுதான் கேட்பார்கள். ஆண் தேனீக்களோடு கூடி, முட்டையிடத் தயாரான ராணி போன வருடம் எண்ணூறுக்குக் கிடைத்தது. இந்த வருடம் மூவாயிரம். விலை ஏற ஏற, கொடுத்து ஏமாந்தவர்களின் நெஞ்சும் நிமிர்ந்தது. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கண்காணிப்பாளர் மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

கடைசியில் சங்கச் செயலாளரிடம் சொல்லிவைத்து, 'உயர் வம்சம்' என்று ஒரு ராணியை வரவழைத்தார். மனைவி மூக்குக்கண்ணாடி மாற்ற வைத்திருந்த மூவாயிரம் அதற்குப் போயிற்று. அந்த அம்மாளின் பழைய கண்ணாடிக்கு ஒரு காது இல்லை. நூலைக் கட்டி மாட்டியிருந்தார். பேருந்து எண் தெரியாமல் போன வாரம் இரண்டு தடவை தப்பான வண்டியில் ஏறியிருந்தார்.

"இந்த ராணி வந்துட்டா தேன் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். ஒண்ணுக்கு ரெண்டு கண்ணாடி வாங்கித் தரேன்."

"ரெண்டு கண்ணாடி மாட்ட எனக்கு நாலு காதா இருக்கு? ஒண்ணு வாங்கித் தந்தா போதும்" என்றார் மனைவி.

கண்காணிப்பாளர் மாடிக்குப் போனார். பெட்டியைத் திறந்து, அடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, பழைய ராணியை இடுக்கியால் பிடித்தார். ஒரே அழுத்து. செத்ததைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டினார். புது ராணி இருந்த தீப்பெட்டி அளவுக் கூண்டை அடைகளுக்கு நடுவே தொங்கவிட்டு மூடினார். கொடியில் துணி போட வந்த மனைவி பொட்டலத்தைப் பார்த்து முகம் சுளித்தார். கண்காணிப்பாளர் முகத்திலோ பதவி உயர்வு வாங்கிய களை.

அந்த நேரம் பார்த்துத் தேன்பெட்டிக்காரர் ஈரத்துணியும் கத்தியுமாகப் படியேறி வந்தார். புது ராணி வந்த காலி அட்டைப்பெட்டி கீழே கிடந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என் கையெழுத்தாச்சே சார். பொடிப் புழுவுல இருந்து நான் வளத்த ராணி. புதுசா இன்னொரு பெட்டி வெக்கிறீங்களா?"

"நீ வளத்ததா? செயலாளர் மூவாயிரம் வாங்கினாரேய்யா."

"எங்கிட்ட ஆயிரத்துக்கு எடுத்தார் சார். நானும் குறைக்க முடியாது. பத்து ராணி வளத்துப் பறக்க விட்டா, மழையிலயும் குருவி வாயிலயும் போனது போக நாலுதான் கூடித் திரும்புது."

மனைவி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அது கண்காணிப்பாளரைச் சுட்டது.

"விலையை விடு. வம்சம் உசத்திதானே?" என்றார் அவசரமாக.

"இதை விட உசத்தி எங்கயும் கிடையாது சார். கொட்டாது, நோய் அண்டாது, தேன் குறையாது. இந்த வருஷம் சங்கத்துல நான் வித்த அத்தனை ராணியும் ஒரே தாயோட பிள்ளைங்க."

கண்காணிப்பாளரின் தலை நிமிர்ந்தது. மனைவி பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா?" என்றார். ஆசை அதோடு அடங்கவில்லை. மகளையே இந்த விலைக்கு வாங்கியவர்களுக்கு முன்னால் தாயையே வைத்திருந்தால் சங்கத்தில் யார் வாய் திறப்பார்கள்?

"ஏய்யா, அந்தத் தாய் ராணியையே எனக்குக் குடுத்துடேன். பத்தாயிரம்னாலும் தரேன்."

தேன்பெட்டிக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"அது உங்க பெட்டியிலதானே சார் இருக்கு?"