பத்துக்கு ஏழு

"என் மூஞ்சியில என்ன இருக்கு? ஷட்டிலைப் பாருங்கக்கா, ஷட்டிலை."

மாஸ்டர் இதை அன்று காலையில் மட்டும் ஒன்பதாவது தடவையாகச் சொன்னார். அவருடைய பேட்மின்டன் ஆரம்ப வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் சொன்னபடி கேட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் மில்லக்கா. தறி மில்லில் வேலை, வயது நாற்பத்தெட்டு, பிடிவாதம் அதைப் போல இரண்டு மடங்கு.

மாஸ்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. முதல் மாதம் கைக்குப் பயிற்சி கிடையாது, கண்ணுக்குத்தான். ஒவ்வொரு ஷட்டிலின் அடித்தக்கையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மார்க்கரால் ஒரு வளையம் போட்டு வைத்திருப்பார். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் அடிப்பார். வருகிற ஷட்டிலின் நிறத்தை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மட்டையை வீச வேண்டும். மற்றவர்கள் போடுகிற சத்தத்தில் தகரக் கூரை அதிரும். மில்லக்கா இதுவரை ஒரு நிறத்தைக்கூடச் சொன்னதில்லை. கேட்டால், நான் அடிக்க வந்தேனா, சாயம் பார்க்க வந்தேனா என்பாள். அடிப்பதென்னவோ ஒழுங்காகத்தான் அடிப்பாள். மாஸ்டருக்கு அது இன்னும் எரிச்சல்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. மாஸ்டர் குனிந்து ஷட்டில் பொறுக்கிக்கொண்டே சொல்லும் யோசனை எதையும் அவள் சட்டை செய்வதில்லை. பின்னாலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நேருக்கு நேர் வந்து நின்றால் மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பாள். முப்பது வயதில் சொந்தமாக ஒரு கோர்ட் நடத்துகிற மனுஷன் அவர். ஒரு ஆரம்ப வகுப்புக்காரிக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிறுத்தினார். இடம் கேட்டு வெளியே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்றார். இந்த வயதுக்கு நடைப்பயிற்சியே போதும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மில்லக்கா நகரவில்லை. இந்த ஒரு மணி நேரத்துக்காக மேஸ்திரியோடு சண்டை போட்டு மதிய ஷிப்டு வாங்கியவள் அவள். அரைக்கால் பேண்ட்டைப் பார்த்துப் புருஷன் சிரித்த சிரிப்பையும், ஊர் என்ன சொல்லும் என்று மருமகன் இழுத்ததையும் தாண்டி வந்தவள்.

"பிள்ளைங்களை வளர்த்தாச்சு, கட்டிக் கொடுத்தாச்சு. எனக்குன்னு நான் எடுத்துக்கிட்டது இது ஒண்ணுதான். போன்னா போயிடுவேனா? பரீட்சை வைங்க. தோத்தா நானே போறேன்."

மாஸ்டருக்கு உள்ளுக்குள் குஷி. பத்து ஷட்டில் அடிப்பேன், ஏழைத் திருப்பி அடித்தால் இருக்கலாம் என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டு மட்டையை உறையில் போட்டாள்.

மறுநாள் வந்து பார்த்தால், வலை நெடுக ஒரு கறுப்புத் துணி தொங்கியது. எதிர்ப்பக்கம் நிற்கிற மாஸ்டரின் தலை மட்டும்தான் தெரிந்தது. கை, மட்டை எல்லாம் துணிக்குப் பின்னால். ஷட்டில் துணிக்கு மேலே எட்டிப் பார்த்த பிறகுதான் அது இடதுக்கு வருகிறதா வலதுக்கு வருகிறதா என்றே தெரியும். தேறிய ஆட்டக்காரர்களே திணறுகிற பயிற்சி. இது அநியாயம் என்று வகுப்பிலிருந்த பேங்க் கிளார்க் சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் அவரை விட்டுவிட்டு மில்லக்காவைப் பார்த்து, இஷ்டம் இல்லாவிட்டால் இப்போதே கிளம்பலாம் என்றார்.

"வாய்ப்பேச்சு எதுக்கு? அடிங்க" என்றாள் அவள்.

முதல் ஷட்டில் துணிக்கு மேலே வருவதற்குள் மில்லக்கா இடது பக்கம் போய் நின்றிருந்தாள். சாவகாசமாகத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது வலதுக்கு வந்தது. அங்கேயும் அவள் முன்கூட்டியே போய்க் காத்திருந்தாள். மூன்றாவதும் அப்படியே. நாலாவதுக்கு மட்டும் ஆணி அடித்த மாதிரி நடுவிலேயே நின்றுவிட்டாள். அது இடது மூலையில் விழுந்தது. மாஸ்டர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆறில் ஒன்றுகூட அவளைத் தாண்டிப் போகவில்லை.

பத்துக்கு ஒன்பது. வகுப்பே கை தட்டியது.

மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேறு யோசனை ஓடியது. இது தன்னுடைய பயிற்சிக்குக் கிடைத்த வெற்றிதானே? உடனே நிமிர்ந்து நின்று, வகுப்பின் பக்கம் திரும்பி, ஒரு மாதம் கண்ணைப் பழக்கினால் என்ன நடக்கும் என்று இப்போதாவது புரிகிறதா என்று கேட்டார். உங்கள் எல்லோரையும் விட நன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் இவர்தான் என்றார். எதைப் பார்த்து நகர்ந்தீர்கள் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள் அக்கா என்றார்.

பதில் இல்லை. மாஸ்டர் அவள் பக்கம் திரும்பி அதையே இன்னொரு தடவை கேட்டார்.

"உங்க உதட்டைத்தான்" என்றாள் மில்லக்கா. "தறிச் சத்தத்துல என் காது ரெண்டும் போய் எட்டு வருஷமாச்சு. சொன்னா சேர்த்துக்க மாட்டீங்கன்னுதான் சொல்லலை. மில்லுல நாங்க எல்லாருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்குவோம். நீங்க ஒவ்வொரு தடவை அடிக்கறதுக்கு முன்னாடியும் இடது, வலதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிறீங்க மாஸ்டர். நாலாவதுக்கு மட்டும் எந்தப் பக்கம்னு சொல்லாம, 'இந்தக் கிழவி இன்னையோட ஒழிஞ்சா'ன்னுட்டீங்க."