கறுப்புப் பெட்டி

"இறங்கு... இறங்கு... இன்னும் கொஞ்சம்... ஏய், எங்க மேல போற?"

லாரியை ரிவர்ஸ் எடுக்க வைக்கிற ஆள் மாதிரி கையை ஆட்டிக் கத்தினார் குழாய்க்கடைக்காரர். எதிரே லாரி இல்லை. அவர் வீட்டுக் கார் ஷெட் கதவு. பாதி வரை இறங்கிய மோட்டார் கதவு, அவர் குரலுக்குப் பயந்த மாதிரி நின்று, மறுபடி மேலே ஏறிக்கொண்டது.

நாலு நாளாக இதே கூத்து.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் களவு போனது. அன்றிலிருந்து, கதவு முழுசாக மூடுகிறதா என்று இவர் உள்ளே கதவோரமாக நின்று, இடது காலை முன்னால் வைத்து, இடுப்பில் கை கொடுத்து மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். பார்க்க ஆரம்பித்த அன்றைக்கே கதவு மக்கர் பண்ண ஆரம்பித்தது.

ஷெட்டுக்குள் காரோடு நூறு பெட்டி பித்தளைக் குழாய் இருக்கிறது. அதனால் நாலு ராத்திரியாக அங்கேயே கட்டில் போட்டுக் காவல். கொசு கடித்துக் கடித்து மூக்கு தக்காளி மாதிரி ஆகிவிட்டது.

"என்னங்க, மணி நாலு ஆச்சு," என்றாள் மனைவி. "அஞ்சு மணிக்கு ஸ்கூல்ல நாடகம். பாப்பா நிலாவா வர்றா. அப்பா முன் வரிசையில உட்காரணும்னு காலையில சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா."

"இதைத் திறந்து போட்டுட்டு நிலா பார்க்கப் போகவா? திரும்பி வந்தா சுவர்தான் மிச்சம் இருக்கும்!"

"இல்லீங்க, நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி..."

"நீ சும்மா இரு! உனக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்?"

ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் வந்து போயாயிற்று. முதல் ஆள், "சார், நீங்க..." என்று வாயைத் திறந்ததுமே, "எனக்கே பாடம் நடத்துறியா?" என்று விரட்டிவிட்டார். இரண்டாவது ஆள், "சார்" என்பதோடு சரி.

இப்போது மூன்றாவது ஆள். மனைவி போன் பண்ணி வரவழைத்தவர். வந்ததும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, சாவகாசமாக ஷெட்டுக்கு வந்தார். மோட்டாரைத் தட்டினார். செயினை ஆட்டினார். குனிந்து பார்த்தார்.

"மோட்டார் நல்லாருக்கு. ஸ்பிரிங் நல்லாருக்கு. கீழே ரெண்டு பக்கமும் இருக்கிற சென்சார் கண்ணும் நல்லாருக்கு சார்."

"எல்லாம் நல்லாருந்தா ஏன்யா மூடல? கதவுக்கு என் மேல கோபமா?"

"இருக்கலாம் சார்."

மனைவிக்கு இருமல் வந்தது.

மெக்கானிக் பையிலிருந்து ஒரு கறுப்புத் தகரப் பெட்டியை எடுத்தார். "இதை மாட்டினா சரியாயிடும்."

"எவ்வளவு?"

"ரெண்டாயிரம்."

"யோவ், நான் கதவு விலை கேட்கல. டப்பா விலை கேட்டேன்!"

"ஸ்பெஷல் அயிட்டம் சார்."

"ஐந்நூறு."

"கட்டுப்படியாகாது சார்." மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

'கேட் வரைக்கும் போவான், போய்த் திரும்பிப் பார்ப்பான்,' என்று எண்ணினார் குழாய்க்கடைக்காரர். அவர் பார்க்காத நடையா? அப்படியே நடந்தது.

"எழுநூறு! அதுக்கு மேல ஒரு காசு கிடையாது!"

"உங்ககிட்ட ஜெயிக்க முடியுமா சார்?"

கடைக்காரர் முகத்தில் நாலு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. 'பாத்தியா?' என்று மனைவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

பெட்டி சுவரில் ஏறியது.

"ஒயர் எங்கய்யா?"

"ஒயர் இல்லாத மாடல் சார்."

பிறகு மெக்கானிக், கதவிலிருந்து நாலடி உள்ளே தள்ளி, தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு கோடு ஒட்டினார்.

"ஒரே ஒரு கண்டிஷன். கதவு மூடும்போது யாரும் இந்தக் கோட்டைத் தாண்டி நிக்கக் கூடாது. நின்னா பெட்டிக்கு கேரண்டி கிடையாது."

கடைக்காரர் துள்ளிக் கோட்டுக்குப் பின்னால் போனார். மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "ஏய், பின்னாடி வா! காசு குடுத்து வாங்கியிருக்கேன், கேரண்டி போயிடும்!"

காரைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து, கோட்டுக்குப் பின்னால் ஸ்கூல் பையன் மாதிரி கையைக் கட்டி நின்றுகொண்டு பட்டனை அழுத்தினார்.

கதவு இறங்கியது. பாதியைத் தாண்டியது. முழுசாக மூடியது.

"பாத்தியாடி! ரெண்டாயிரம் ரூபாய்ப் பெட்டி, எழுநூறு ரூபாய்க்கு!" மெக்கானிக்கிடம் காசைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் புகுந்து வாசல் வழியாகக் காருக்கு ஓடினார். அடுத்த நிமிடமே ஹாரன் அலறியது. "சீக்கிரம் வா! நிலா உதிச்சிடப் போகுது!"

வாசலைப் பூட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் மெக்கானிக் நோட்டுகளை நீட்டினார். "இந்தாங்கம்மா, பெட்டிக் காசு. வந்து போன கூலியை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

"ஐயோ, வெச்சுக்குங்கண்ணே. தள்ளி நில்லுங்கன்னு நாலு நாளா நானும் சும்மா சொல்லிப் பார்த்தேன். அவருக்கு பேரம் பேசி வாங்கினாத்தான் எதுவும் மண்டையில ஏறும்."

மெக்கானிக் தலையை ஆட்டி, காசை அவள் கையில் திணித்தார்.

"கதவோட கண்ணை மறைச்சு நின்னது சாரோட இடது கால். சுவத்துல மாட்டினது நீங்க எடுத்துக் குடுத்த பாப்பாவோட பழைய பென்சில் டப்பா. இதுல நான் எதை வித்தேன்னு காசு வாங்கிக்கிறதும்மா?"