ஷட்டருக்குள் ரங்கநாயகி

கார் ஷெட்டின் ஷட்டர் இறங்கினது இறங்கினதுதான். கோவிந்தராஜுலு வெளியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். ஒரு விரற்கடை மேலே வந்து நின்றுகொண்டது.

உள்ளே அவர் மனைவி ரங்கநாயகி. இடது கையில் சந்தனக் கிண்ணம். எதிரே பாதிப் பொட்டு வைத்த மாருதி.

ஆயுத பூஜைக்குக் காருக்குச் சந்தனம் வைக்கத்தான் உள்ளே போனாளாம். வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று ஷட்டரைப் பாதி இறக்கினாளாம். அது முழுசாக இறங்கிப் பிடித்துக்கொண்டதாம். உள்ளிருந்து அவள் கத்திச் சொன்னது அவ்வளவுதான்.

ஷெட்டுக்கு வேறு கதவு கிடையாது. மேலே ஒரு ஜன்னல் உண்டு. அதில் பூனை போகலாம், ஐம்பது வயசுப் பொம்பளை போக முடியுமா?

சிமெண்ட் ஷீட் கூரை புரட்டாசி வெயிலில் தகித்தது. பெட்ரோல் வாசனை தொண்டையில் போய் உட்கார்ந்தது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் புழுக்கம் அவளுக்குப் புதுசா என்ன? இரண்டு வருஷமாக இந்த வீடே இப்படித்தான் கிடக்கிறது.

ஊரில் எவன் வீட்டு ஷட்டர் வேண்டுமானாலும் கெட்டுப்போகும், கோவிந்தராஜுலு வீட்டு ஷட்டர் கெட்டுப்போகாது. மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன். சித்திரை வெயிலுக்குத் தகடு பெருத்து உரசும் என்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார். ஆடிக் காற்று கொண்டுவந்து கொட்டுகிற மண்ணைப் பிரஷ்ஷால் கூட்டி எடுப்பார். அடைமழைக்கு முன்னால் துரு சுரண்டுவார். மார்கழிக் குளிருக்குக் கிரீஸ் இறுகிப்போச்சு என்று வழித்துப்போட்டுப் புதுசு தடவுவார். பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை.

அந்தப் பிள்ளைதான் ராமாமணி. ஒரே பெண்.

முன்பெல்லாம் மூன்று மாசத்துக்கு ஒருதரம் வந்து ஷட்டர் வேலை பார்த்தவன் மெக்கானிக் அமிர்தராஜ். அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தவள் ராமாமணி. வருஷத்துக்கு நாலு காப்பி. அதற்குள் என்னத்தைப் பேசிவிட முடியும்? அட, பேசிவிட்டார்களே! சர்ச்சில் கல்யாணமும் ஆகிவிட்டது.

இனி இந்த ஷட்டரை அவன் தொடக் கூடாது, இந்த வாசலை அவள் மிதிக்கக் கூடாது என்றார் கோவிந்தராஜுலு. அன்றைக்குக் கிரீஸ் டப்பாவைக் கையில் எடுத்தவர்தான்.

ஷட்டரின் வெளிப்பக்கம் அமிர்தராஜ் தன் பேரையும் போன் நம்பரையும் எழுதிவைத்திருந்தான். இரண்டு தை மாசமும் அதன் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்தார். என்ன அடித்தும் அது அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ராமாமணிக்கு இப்போது ஒன்பதாம் மாசம். தலைப்பிரசவம். தாய் வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெண் வேறெங்கேயோ கிடந்து பெறுவதா? ரங்கநாயகி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். பேச்சை எடுத்தாலே மனுஷன் டப்பாவோடு ஷட்டர் பக்கம் போய்விடுவார். இந்த வாரம் விட்டால் அப்புறம் கெஞ்சியும் பிரயோஜனம் இல்லை.

வெளியே செருப்புச் சத்தம் போனது, வந்தது. கோவிந்தராஜுலு எதிர்வீட்டு லேத் பட்டறைத் தம்பிதுரையிடம் ஸ்பேனர் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறார். வீட்டுக்கு வீடு பட்டறை இருக்கிற இந்தக் கணபதி ஏரியாவில் இன்றைக்கு எவர் ஸ்பேனரைத் தொடுவார்? எல்லாம் பொட்டும் பூவுமாகச் சாமி முன்னால் இருக்கிறது. நாளைக் காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும். கோவிந்தராஜுலுவின் டூல் பெட்டியும் அங்கேதான். வெல்டிங் முஸ்தபா மேட்டுப்பாளையத்தில், அக்கா மகள் கல்யாணத்தில். அது நேற்றே தெரிந்த சங்கதி.

"ஏனுங்க, தலை சுத்துதுங்க," என்றாள் ரங்கநாயகி.

பொய் இல்லை. நிஜமாகவே சுற்றியது.

செருப்புச் சத்தம் ஷட்டரை ஒட்டி வந்து நின்றது. பிறகு ஷட்டரின் மேல் ஏதோ பிறாண்டுகிற மாதிரி கேட்டது. அவர் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். போன் போட வீட்டுக்குள் போனார். பதற்றத்தில் பாதி மறந்து, திரும்ப ஓடிவந்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

ரங்கநாயகி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அரை மணி நேரத்தில் டி.வி.எஸ். 50 வந்து நின்றது. பையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அமிர்தராஜ் குனிந்து ஷட்டரைப் பிடித்தான். பையைத் திறக்கவே வேலை வரவில்லை. ஷட்டர் வழுக்கிக்கொண்டு மேலே போனது.

வேர்த்துக் கொட்டி நின்றவளைக் கோவிந்தராஜுலு கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்.

அமிர்தராஜின் கண் ஷட்டரின் பக்கச் சட்டத்தில் போய் நின்றது. அங்கே ஓர் ஆணி நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ஈரச் சந்தனம். பிறகு அவன் அத்தையின் வலது கையைப் பார்த்தான். அது எதையோ பிடித்து இறுக மூடியிருந்தது.

"ஸ்பிரிங் போச்சுங்க மாமா," என்றான். "பத்து நாள் வேலை இருக்குதுங்க. ராமாமணியத் தனியா வுட்டுப்போட்டு வர முடியாது, அவளையும் கூட்டிட்டு வாரேன்."

ஷட்டர் ஸ்பிரிங் அறுந்தால் அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். முப்பது வருஷ ஃபிட்டருக்கு அது தெரியாதா?

கோவிந்தராஜுலு ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். மனைவியின் மூடிய கையைப் பார்த்தார். நகத்தில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பத்து நாள்ல என்னத்தக் கிழிப்பே?" என்றார். "இது மூணு மாச வேலை."